இலை வரைந்தவளுக்கு அஞ்சலிக் கூட்டம்

அண்ணியின் பெயரை நான் சொல்ல மாட்டேன். அதற்காகப் படிக்கிறவர்கள் கோபித்துக்கொண்டால் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. அதே பெயர் வைத்திருந்த இன்னொருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரில் இறந்துபோனாள். இறந்தவரின் பெயரை வாய்விட்டுச் சொன்னால் போகிற ஆவி நின்று திரும்பிப் பார்க்கும், அழுது முடித்தவர்கள் மறுபடியும் அழுவார்கள். அதனால் அந்தப் பெயர் உள்ள மற்ற எல்லோரும் அன்று முதல் ‘குமுஞ்சாய்’தான். ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ, துக்கம் ஆறுகிறவரை. போன கோடையில் எங்கள் ஊரில் நான்கு குமுஞ்சாய்கள் இருந்தார்கள், ஒரு நாயையும் சேர்த்தால் ஐந்து. கூப்பிட்டால் சரியான ஆள்தான் திரும்பிப் பார்த்தது. நாயும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

குழப்பம் வந்தது டவுனில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரியில். அங்கே எங்களைப் போன்ற பாலைவனப் பழங்குடிகளின் பழக்கவழக்கங்களை மதிப்பதற்கென்றே மூன்றாவது மாடியில் ஒரு தனிப் பிரிவு வைத்திருந்தார்கள். அது மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நாங்கள் வியாழக்கிழமை மதியமே வீட்டுக்குக் கிளம்பியிருப்போம்.

அண்ணி என் மூத்த அண்ணனின் மனைவி. அரெத்தெ இலை பறிக்கப் போனபோது முல்கா மரத்துச் சிம்பு ஒன்று அவள் இடது காலில் ஏறிவிட்டது. பாறைச் சரிவில் வளரும் அந்தச் செடியின் இலையைக் கொதிக்கவைத்துப் புண்ணைக் கழுவலாம், இடித்துக் கொழுப்பில் குழைத்துத் தடவலாம், சளிக்குப் புகை பிடிக்கலாம். ஆனால் அண்ணி சிம்பை எடுக்காமல் நான்கு நாள் நடந்துவிட்டாள். கால் பானை மாதிரி வீங்கியதும் ஊர் கிளினிக் நர்ஸ் பயந்துபோய் நோயாளிகளை ஏற்றிப்போகும் விமானத்தைக் கூப்பிட்டாள். கூட யார் போவது என்று கேட்டபோது அண்ணன் வானத்தைப் பார்த்தான். அந்த வாரம் ஃபுட்பால் அரையிறுதி. எனவே நான் போனேன்.

ஆஸ்பத்திரி வாசலுக்குள் நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அண்ணி வரைந்த படம் இருந்தது. மூன்று மீட்டர் நீளம், முழுக்க அரெத்தெ இலைகள். மூன்று வருஷத்துக்கு முன் கேன்வாஸை மண்ணில் விரித்துப் போட்டு, அதைச் சுற்றிச் சுற்றி உட்கார்ந்து, நான்கு பக்கமிருந்தும் வரைந்தாள். பறித்த இலையின் பச்சை ஓரிடத்தில், வெந்நீரில் போட்டதும் வருகிற மஞ்சள் ஓரிடத்தில், காய்ந்த சருகின் பழுப்பு ஓரிடத்தில். காற்று எல்லாவற்றையும் ஒரே பக்கமாகச் சாய்க்கும். நடுவில் ஒரு நாய் மிதித்துவிட்டுப் போனதையும் இலையாக்கிவிட்டாள். அந்தச் செடி அவள் அப்பா வழி மண்ணுக்குச் சொந்தம். அதை வரைகிற உரிமை அவளுக்கும் அவள் அக்கா தங்கைகளுக்கும்தான். நான் வரைந்தால் என் முதுகுத்தோல் உரிந்துவிடும். எனக்கு வரையக் கொடுத்திருப்பது தேனெறும்பு, நான் அதோடு நிறுத்திக்கொள்வேன்.

படத்தின் பக்கத்தில் ஒரு பலகை. ‘குணமாக்கும் சுவர். காலை பத்து நிமிடம், மாலை பத்து நிமிடம் பார்க்கவும்.’ அண்ணியைத் தினமும் இரண்டு வேளை சக்கர நாற்காலியில் அங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள். அவள் தன் படத்தையே பத்து நிமிடம் பார்ப்பாள். நர்ஸ் தாளில் ஒரு டிக் போடுவாள். இருபத்தெட்டு டிக் சேரவேண்டும், இல்லையென்றால் டாக்டர் எழுதித் தரவேண்டும், அப்போதுதான் சிகிச்சை முடிந்ததாகக் கணக்கு.

முதல் நாளே நான் ஒரு பால்மாவு டின்னில் நிஜ அரெத்தெ இலையைக் கொழுப்பில் குழைத்துக் கொண்டுபோயிருந்தேன். வாசல் காவலாளி டின்னைத் திறந்து மோந்து பார்த்தான்.

“இது என்ன?”

“அதோ அந்தப் படத்துல இருக்கே, அதுதான்.”

“படத்துல இருக்கறது அங்கீகரிச்ச மருத்துவ முறை. டின்ல இருக்கறது அங்கீகரிக்காத மருந்து,” என்று சொல்லி அதை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

அண்ணி படத்தைப் பார்த்தாள், அலமாரியைப் பார்த்தாள். “தெரிஞ்சிருந்தா என் காலையும் படத்துலயே போட்டு அனுப்பியிருப்பேன்டி. எதுக்கு நானே வரணும்?” என்றாள்.

நல்லதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஊசி வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. டாக்டர் பையன் நல்லவன், செவ்வாய்க்கிழமை காலை வந்து காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, “வியாழக்கிழமை வீட்டுக்குப் போகலாம்” என்று எழுதிக் கொடுத்தான். அண்ணி அப்போது சிரிக்கிற நிலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரிலிருந்து போன் வந்திருந்தது. அவள் பெரியப்பா மகள், கூடவே வளர்ந்தவள், இலை பறிக்கக் கூடவே போகிறவள், இதயம் நின்று போய்விட்டாள். ஒரே அத்தையின் பெயரை இரண்டு பேருக்கும் வைத்திருந்தார்கள். அண்ணி போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு இரண்டு இரவும் அழுதாள். போர்வைக்குள் என் கை மட்டும் இருந்தது.

அடக்கம் சனிக்கிழமை. ஊருக்கு வெளியே துக்க முகாம் போட்டுப் பெண்கள் எல்லாம் உடம்பில் வெள்ளை மண் பூசி உட்கார்ந்திருப்பார்கள். தங்கச்சி முறையான அண்ணி அங்கே போயே ஆகவேண்டும். சாக்குச் சொன்னால் எடுபடாது. வராதவள் மனசில் என்ன இருந்ததோ என்று ஒரு பேச்சு எழும்பும், சாவுக்கே அவள்தான் காரணமோ என்று இன்னொரு பேச்சு எழும்பும். அப்புறம் அந்த ஊரில் அவள் யார் முகத்தில் முழிப்பது? எங்கள் பக்கம் போகிற பஸ் வாரத்துக்கு ஒன்று, வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. அதை விட்டால் அடுத்த வியாழன்தான்.

செவ்வாய்க்கிழமையே நோயாளிகளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் மேஜைக்குப் போனோம். அங்கே இருந்தவன் கணினியைப் பார்த்தபடி, “பெயரும் பிறந்த தேதியும் சொல்லுங்க,” என்றான்.

அண்ணி பிறந்த தேதியைச் சொன்னாள். அதுவே கிளினிக்காரர்கள் குத்துமதிப்பாக எழுதி வைத்ததுதான். பெயருக்கு வாயை மூடிக்கொண்டாள்.

“பெயர்?”

“அவங்களால சொல்ல முடியாது. அதே பெயர்க்காரங்க இறந்துட்டாங்க,” என்றேன்.

“சரி, நீங்க சொல்லுங்க.”

“நானும் சொல்லக்கூடாது. கையில கட்டியிருக்கற பட்டையில எழுதியிருக்கு பாருங்க.”

“பட்டை சொல்றது பத்தாது. ஆள் சொல்லணும், பட்டை ஒத்துக்கணும்.” பிறகு அவன் முகம் மலர்ந்தது. “ஓ, இது உங்க பண்பாட்டு விஷயம்ல? அதுக்கு நம்மகிட்ட ஆள் இருக்காங்க.”

அந்தச் சிரிப்பைப் பார்த்து நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்றாவது மாடியில் பண்பாட்டு மரியாதைப் பிரிவு. அதன் இயக்குநர் ஃபியோனா விட்லாக் அம்மாள் எங்களை வாசலுக்கே வந்து வரவேற்றாள். கழுத்தில் சிவப்பு விதை மாலை. மேஜையில் தடிமனான கையேடு, அவளே எழுதியது.

“உங்க வழக்கங்களை நீங்க மதிக்கறதைவிட நாங்க அதிகமா மதிக்கறோம்,” என்றாள். “நீங்களாவது சில சமயம் மறந்துடலாம். எங்களால முடியாது. எழுதி வச்சிருக்கோம்.”

“ரொம்ப சந்தோஷம். பெயரைக் கேக்காம வீட்டுக்கு அனுப்பினா போதும்,” என்றேன்.

“கேக்கவே மாட்டோம்.” கையேட்டைப் புரட்டினாள். “நாலாம் பக்கம். இறந்தவர் பெயரைச் சொல்லக் கூடாது, எழுதக் கூடாது, காட்டக் கூடாது.” உடனே ஒரு கறுப்புப் பேனாவை எடுத்து, மண்டியிட்டு உட்கார்ந்து, அண்ணியின் கைப்பட்டையில் இருந்த பெயரை மெதுவாக அழித்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. பிறகு கணினியில் கடைசி முறையாக, மரியாதையோடு, அந்தப் பெயரைத் தட்டி, அது இருக்கும் இடத்தையெல்லாம் தேடி அழிக்கச் சொன்னாள். கணினி இரண்டு இடம் காட்டியது. நான்காம் வார்டில் ஒரு நோயாளி. கீழே சுவரில் ஒரு ஓவியர்.

அம்மாள் நோயாளியைப் பார்த்தாள். மூச்சு இருந்தது. “அப்ப நம்ம ஓவியர்தான் போயிட்டாங்க,” என்று சொல்லி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

“இல்லம்மா. போனவங்க ஊர்ல இருந்த இவங்க அக்கா. படம் வரைஞ்சது இவங்க.”

“ஒரே பெயர்னு சொல்றீங்க. புரியுது.”

“ஒரே ஆள்னு சொல்றேன்.”

“துக்கத்துல எல்லாரும் ஒண்ணுன்னு நினைக்கற உங்க மனசு ரொம்பப் பெருசு,” என்றாள் விட்லாக் அம்மாள், அதையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

புதன்கிழமை காலை வார்டுக்கு வந்து பார்த்தால் அண்ணியின் கட்டில் மேல் பலகையில் ஒன்றுமே இல்லை. பெயரை அழித்தபோது அதோடு கட்டியிருந்த நம்பரும் போய்விட்டது, நம்பரோடு கட்டியிருந்த டாக்டர் உத்தரவும் போய்விட்டது. “பெயர் தெரியாத பெண், சுமார் ஐம்பது, வந்த விதம் தெரியவில்லை” என்று புதிதாகச் சேர்த்திருந்தார்கள். மறுபடியும் ரத்தம் எடுத்தார்கள். எங்கே வலிக்கிறது என்று கேட்டார்கள். அண்ணி நெஞ்சைக் காட்டினாள், அக்காவை நினைத்து. அதற்கும் ஒரு படம் எடுத்தார்கள்.

“அடையாளத்துக்கு ரெண்டு அட்டை குடுத்தா உங்களை உங்க பெயருக்கே திருப்பிடலாம்,” என்றாள் விட்லாக் அம்மாள். நான் அண்ணியின் பையிலிருந்து இரண்டு அட்டை எடுத்துக் கொடுத்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இரண்டிலும் பெயர் இருக்கும் இடத்தில் கறுப்பு டேப் ஒட்டிவிட்டு, “இதுல பெயர் இல்லையே,” என்று வருத்தத்தோடு திருப்பித் தந்தாள்.

அண்ணி அப்போதுதான் முதல் தடவையாக நேராகப் பேசினாள். அவளுக்கு அவர்கள் பாஷை கொஞ்சம்தான் வரும். “பெயின்ட் குடு. கேன்வாஸ் வேண்டாம், இந்தப் படுக்கை விரிப்பு போதும். இப்பவே இலை போடறேன். கீழ இருக்கறதோட வச்சுப் பாரு. அது என் கைதானான்னு தெரியும்.”

விட்லாக் அம்மாள் திடுக்கிட்டாள். “இறந்த ஓவியர் கையை மத்தவங்க வரையறது பெரிய குத்தம். அவங்க குடும்பத்துக்கு மட்டும் சொந்தமான இலை அது. உங்க பண்பாட்டுலயே அப்படித்தான். பதினொண்ணாம் பக்கம்.”

இதில் ஒரு வேதனை என்னவென்றால், பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது முழுக்க உண்மை.

காலை வேளைப் படம் பார்க்கத் தாமதமாக, மத்தியானம் கீழே அழைத்துப் போனபோது படத்தைச் சாம்பல் நிறத் துணியால் மூடியிருந்தார்கள். இறந்தவர் படைப்பை மறைக்க வேண்டும், ஐந்தாம் பக்கம். அண்ணியை அந்தத் துணிக்கு முன்னால் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். நர்ஸ் டிக் போடப் போனவள் பேனாவை நிறுத்தினாள்.

“துணியைப் பார்த்தா கணக்குல வராது. இன்னும் ஒன்பது டிக் பாக்கி. துணியை எப்ப எடுப்பாங்க?”

“துக்கம் முடிஞ்சதும்,” என்றேன்.

“எப்ப முடியும்?”

“ரெண்டு வருஷம் ஆகலாம்.”

அவள் அட்டவணையில் எழுதிக்கொண்டாள். அண்ணி என் கையைப் பிடித்தாள். பளபளவென்று துடைத்த அந்தத் தரையைப் பார்த்துக்கொண்டே, “எத்தனை பேர் நடக்கறாங்க, ஒரு தடம்கூட விழல பாரு,” என்றாள். “இங்க யாரு வந்தா, யாரு போனான்னு எப்படித்தான் கண்டுபிடிப்பாங்க?”

எனக்கு அப்போதுதான் பயம் வந்தது. அதுவரை எரிச்சல்தான்.

சாயங்காலம் மொழிபெயர்ப்பாளனை அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் நிறைய நல்ல மொழிபெயர்ப்பாளர்கள் உண்டு. அவர்கள் அனுப்பியது லெனியை. லெனி அண்ணிக்கு மருமகன் முறை. எங்களில் மாமியாரும் மருமகனும் முகம் பார்த்துக்கொள்ளக் கூடாது, பேசக் கூடாது, ஒரே இடத்தில் உட்காரக் கூடாது. திரைச்சீலையை விலக்கியவன் அண்ணியைப் பார்த்ததும் அப்படியே திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றான். அண்ணி போர்வையைத் தலைமேல் இழுத்துக்கொண்டாள்.

“ஆரம்பிக்கலாமா?” என்றாள் விட்லாக் அம்மாள்.

“நான் இவங்களுக்கு மொழிபெயர்க்க முடியாதுங்க,” என்றான் லெனி சுவரிடம்.

“ஆறாம் பக்கம்,” என்று அம்மாள் பரவசமானாள். “நேர்ல பார்க்கறது இதுதான் முதல் தடவை.” பிறகு தாளில், ‘நோயாளியும் மொழிபெயர்ப்பாளரும் ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதிக்கொண்டு போனாள்.

லெனி உடனே போகவில்லை. சுவரில் தீயணைக்கும் சிவப்புக் குழாய் ஒன்று மாட்டியிருந்தது. அதனிடம் பேச ஆரம்பித்தான். “தீயணைக்கிற ஐயா, உங்ககிட்ட ஒரு விஷயம். நோயாளியா இருந்தா இங்கேருந்து யாரும் போறதில்ல. போன மாசம் எங்க மாமா இங்க இறந்தப்ப நான் சொந்தக்காரன்னு சொன்னேன். ஒன்பதாம் பக்கம்னாங்க, பெயர்கூடக் கேக்கல. கார் குடுத்தாங்க, கூடை நிறையப் பழம் குடுத்தாங்க. எனக்குப் பழம் பிடிக்காது, இருந்தாலும் வாங்கிக்கிட்டேன். வரேங்க.”

அவன் போனதும் போர்வை மெதுவாக இறங்கியது. “அந்தக் குழாய் என்னடி பதில் சொல்லுச்சு?” என்று அண்ணி கேட்டாள். அந்த மூன்று நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

வியாழக்கிழமை பத்து மணிக்கு ஓவியருக்கு அஞ்சலிக் கூட்டம். நாங்கள் வரமாட்டோம் என்றோம், பஸ்ஸுக்குப் போகவேண்டும் என்றோம். காவலாளி கதவை மறித்தான். பெயரில்லாத நோயாளியை வெளியே விட்டால் உள்ளே வந்தது யார் என்று அவன் பதில் சொல்லவேண்டுமாம். அண்ணியை முதல் வரிசையில், கையில் ஒரு பூங்கொத்தோடு, ‘பாலைவன நோயாளிகளின் சார்பில்’ என்று நிறுத்தினார்கள்.

துணி மூடிய படத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய டிவி. அதில் புகை ஓடிக்கொண்டிருந்தது. சாவு நடந்த இடத்தில் இலைப் புகை போடவேண்டும் என்பது எட்டாம் பக்கம், கட்டிடத்துக்குள் புகை கூடாது என்பது தீயணைப்பு விதி. இரண்டையும் மதித்து, எங்கேயோ யாரோ போட்ட புகையைப் படம் பிடித்து ஓட்டினார்கள். சிலர் மரியாதைக்கு இருமினார்கள்.

முதலில் நிர்வாகக் குழுத் தலைவர் ரோட்ரிக் ஹேன்லன் பேசினார். உயரமானவர், மெல்லிய குரல்.

“இந்த மாபெரும் ஓவியரை நான் ஒருமுறைகூட நேரில் சந்தித்ததில்லை. அவருடைய தனிமையை அந்த அளவுக்கு நான் மதித்தேன்,” என்றார். “அவருடைய மக்களுக்கு இந்த இலை மருந்து. நமக்கு இது ஒரு சுவர். இரண்டும் ஒன்றே. ஆனால் சுவரைத் துடைப்பது எளிது. இந்த ஓவியத்தை இங்கே மாட்டிய பிறகு, நோயாளிகள் நம்மிடம் தங்கும் நாட்கள் இரண்டு மடங்காகியுள்ளன. பிரிய மனமில்லாமல் இருக்கிறார்கள். அவர் இன்று உயிரோடு இருந்திருந்தால், நம் கதவுகள் அவருக்காக எப்போதும் திறந்தே இருந்திருக்கும்.”

காவலாளி கதவில் சாய்ந்துகொண்டு கை தட்டினான்.

அடுத்து விட்லாக் அம்மாள். கையேடு எழுதிய கஷ்டத்தைச் சொன்னாள். பாலைவனத்துக்கு இரண்டு தடவை போனதைச் சொன்னாள், இரண்டாவது தடவை காரை விட்டு இறங்கியதையும் சொன்னாள். “அவங்க மௌனத்துலேருந்து நான் எவ்வளவோ கத்துக்கிட்டேன். ஏன்னா நான் பேசும்போது அவங்க யாருமே குறுக்க பேசினதில்லை,” என்றாள். நான் இரண்டு தடவை கை தூக்கினேன். இரண்டு தடவையும் அவள் என்னைப் பார்த்துக் கனிவோடு தலையசைத்துவிட்டுத் தொடர்ந்தாள்.

கண்ணாடிச் சுவருக்கு வெளியே சாலை தெரியும். பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில் எங்கள் பஸ் அந்த வழியாகப் போனது. கூரையில் போர்வை மூட்டைகள், மாவு மூட்டைகள். ஜன்னலோரத்தில் எங்கள் ஊர்க் கிழவர் ஒருவர் ஆஸ்பத்திரிப் பக்கம் தேடிப் பார்த்துக்கொண்டே போனார். செம்புழுதி கொஞ்ச நேரம் நின்று அடங்கியது.

அண்ணி அழ ஆரம்பித்தாள். ஆஸ்பத்திரி அழுகை இல்லை. அடிவயிற்றிலிருந்து, எங்கள் பெண்கள் துக்க முகாமில் அழுகிற அழுகை, மேலே ஏறி நின்று உடைந்து விழுகிற அழுகை. அக்காவைக் கூப்பிட்டு அழுதாள், பெயர் சொல்லாமல். கூடவே நானும் அழுதேன். அந்த அழுகை அங்கே இருந்த யாருக்குமானது இல்லை. ஆனால் எல்லோரும் எழுந்து நின்றார்கள், ஹேன்லன் தலை குனிந்தார், ஒருவர் போட்டோ எடுத்தார். விட்லாக் அம்மாள் மைக்கை அண்ணியின் வாய்க்குக் கிட்டே பிடித்துக்கொண்டாள்.

அழுகை நின்றதும் அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த மைக்கிலேயே கேட்டாள். “செத்துப்போனவளுக்குச் சொந்தக்காரங்க வந்தா, அவங்களுக்கு நீங்க என்ன செய்வீங்க?”

கேள்வி வந்ததில் அம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. “ஒன்பதாம் பக்கம். அவங்களை ஒரு கேள்வியும் கேக்க மாட்டோம். பெயர் கேக்க மாட்டோம், கையெழுத்துக் கேக்க மாட்டோம். உடனே காரைக் குடுத்து துக்க வீட்டுக்கு அனுப்பிடுவோம். இறந்தவங்களோட சாமான் எதுவும் இங்க இருந்தா அதையும் கையில குடுத்துடுவோம். இந்த ஆஸ்பத்திரியே பெருமைப்படற பக்கம் அது.”

“நான் அவளுக்குச் சொந்தம்,” என்றாள் அண்ணி.

விட்லாக் அம்மாள் மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள். “நீங்களா? என்ன முறை?”

“தங்கச்சி. ரெண்டு பேரும் ஒரே மண்ணு, ஒரே இலை.” அவள் பொய் சொல்லவில்லை. செத்தது அவள் அக்காதான். எந்த அக்கா, எந்த ஊரில் என்று நான் மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

விட்லாக் அம்மாள் ஓடிவந்து அண்ணியைக் கட்டிக்கொண்டாள். “இத்தனை நாளா எங்ககூடவே இருந்தும் சொல்லலையே,” என்று அழுதாள். ஹேன்லன் வந்து, ஓவியரின் தங்கையைச் சந்தித்ததில் தாம் அடையும் பாக்கியத்தைப் பற்றி நான்கு வாக்கியம் சொன்னார். ‘உறவு முறை’ என்று ஒரே ஒரு கட்டம் உள்ள தாள் வந்தது. ‘தங்கை’ என்று அவர்களே எழுதிக்கொண்டார்கள். காவலாளி அலமாரியைத் திறந்து, என் பால்மாவு டின்னை வெளியே எடுத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான்.

“உங்க அக்கா கை பட்ட இலையா இருக்கலாம்னு நினைக்கறோம். படத்துல இருக்கற அதே இலை,” என்றாள் விட்லாக் அம்மாள்.

“இருக்கலாம்,” என்றேன்.

நான்காம் வார்டில் பெயரில்லாத நோயாளி என்ன ஆனாள் என்று யாரும் தேடவில்லை. கிளம்பும்போது நர்ஸின் தாளைப் பார்த்தேன். ‘குணமாக்கும் சுவரின் முன் அமர்ந்திருக்கிறார். பாக்கி ஒன்பது’ என்று இருந்தது. எனக்குத் தெரிந்து அவள் இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

காரில் அண்ணி டின்னைத் திறந்தாள். காரோட்டி ஜன்னலை இறக்கிவிட்டான். அவள் கட்டை அவிழ்த்து, புண்ணைச் சுற்றி இலைக் கொழுப்பைத் தடவிக்கொண்டாள். பழக்கூடையில் இருந்த ஆரஞ்சு ஒன்றை எனக்கு உரித்துக் கொடுத்தாள். நான்கு மணி நேரம் மண் ரோடு.

துக்க முகாமுக்குள் காரில் போய் இறங்கக் கூடாது. தூரத்திலேயே நிறுத்தச் சொல்லி இறங்கினோம். அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்தாள். காற்றுத்தடுப்புக்குப் பின்னால் பெண்கள் வெள்ளை மண் பூசிய தலைகளைக் குனிந்து, யார் முகத்தையும் பார்க்காமல், மண்ணைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். வாசலோரம் இருந்த அத்தையை அண்ணி கடந்து போனாள். அத்தை தலை நிமிரவில்லை. தனக்கு முன்னால் புதிதாக விழுந்த தடங்களை மட்டும் பார்த்தாள்.

“இடது குதிகால் ஊனல,” என்றாள் பக்கத்தில் இருந்தவளிடம். “வந்துட்டா.”

அழுகை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைவரை எழும்பியது. குனிந்த தலை குனிந்தபடியே, அவர்கள் நகர்ந்து அண்ணிக்கு இடம் விட்டார்கள்.